கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே

ஜூன் 3, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஐரோப்பியத் தூதரக உறவுகள் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அம்மா. வகுப்பில் எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். மறுபடியும் அடித்தாள். யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்து வராந்தாவுக்கு ஓடினேன்.

"ஏட்டி, உங்க அப்பாட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு. தொட்டி நிரம்பி வழியுது."

"அப்பா எங்க இருக்காங்க?"

"கூடத்துலதான். பேப்பர் படிக்காக."

"நீ எங்க இருக்கே?"

"அடுப்படில."

அப்பாவை அழைத்தேன். "சொல்லும்மா" என்றார். அவருக்குப் பின்னால் அம்மா கரண்டியை வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. சொன்னேன். மோட்டார் நின்றது. எங்கள் வீட்டு மோட்டாரை ஊரின் மறுகோடியில் இருக்கும் கல்லூரி வராந்தாவிலிருந்து நிறுத்தியவள் நான். விஞ்ஞானம் வளர்ந்துதான் விட்டது.

வகுப்புக்குத் திரும்பி, எங்கே விட்டோம் என்று கேட்டேன். "ரெண்டு நாடும் தூதர்களைத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க மிஸ்" என்றது முதல் பெஞ்சு. கொடுத்து வைத்த தூதர்கள்.

ஜூன் 4, புதன்

மோட்டார் கதையைச் சொன்னதும் ஜெயசீலி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சிரித்தாள். ஆங்கிலத் துறை. கல்லூரியில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. இரக்கம் என்பது அவள் பாடத்திட்டத்தில் கிடையாது.

"வல்லி, நீ அந்த வீட்டுல மகளா, கூரியர் ஆபீஸா?"

"ரெண்டுந்தான். ரெண்டுக்கும் லீவு கிடையாது."

"எப்படி ஆரம்பிச்சது இந்தச் சண்டை?"

சொன்னேன். நான் பிளஸ் டூ படித்தபோது சாத்தூரில் ஒரு கல்யாண வீடு. குற்றாலத்தில் பிள்ளையைத் தொலைத்துத் தேடிய கதையை அம்மா நாலு பேர் நடுவில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் அப்பா, "அவ சொல்றதை விடுங்க, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க" என்றாள் அம்மா. அதுதான் அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது. ஒன்பது வருடம் ஆகிறது. தானாக வழிக்கு வருவாள் என்று அவரும், மன்னிப்புக் கேட்கட்டும் என்று அவளும் காத்திருக்கிறார்கள். நடுவில் நான் "சொல்லு", "கேளு" என்ற இரண்டு வினைச்சொற்களில் வாழ்கிறேன்.

தொலைந்த பிள்ளை நான்தான். எந்தக் கதை சரி என்று என்னை யாரும் கேட்டதில்லை.

ஜூன் 6, வெள்ளி

டெல்லியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையோடு. மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். ஜூலை 21-க்குள் சேர வேண்டும்.

மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். கிரைண்டரை நிறுத்தி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "டெல்லியா? அங்க குளிருமே" என்றாள். பிறகு, "உங்க அப்பாட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"நானே சொல்லிக்கிடுதேன். சரியான நேரம் பார்த்து."

"சரி" என்று கிரைண்டரைப் போட்டாள்.

போவது பற்றி இனிமேல்தான் யோசிக்க வேண்டும். எனக்கென்ன, நாளைக்கேகூடக் கிளம்புவேன். இந்த வீட்டு மோட்டாரை யார் நிறுத்துவது?

ஜூன் 9, திங்கள்

அப்பாவுக்குச் சளி. இன்று சொன்னால் நன்றாக இருக்காது.

ஜூன் 11, புதன்

இன்று முதன்முறையாக ஒரு பொய்ச் செய்தி கொடுத்தேன். பொய் என்பதைவிட, அனுப்புநர் இன்னும் எழுதாத செய்தி என்று சொல்லலாம்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். முட்டிவலி. அப்பா பேப்பரை இறக்கி அவள் போவதைப் பார்த்தார். மறுபடியும் பேப்பரை ஏற்றிக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அடுப்படிக்குப் போய், "கால்வலி எப்படி இருக்குன்னு அப்பா கேக்காங்க" என்றேன்.

அம்மா தேவைக்கு அதிகமாகவே என்னைப் பார்த்தாள். "உங்க அப்பாவா கேட்டாக?"

"ஆமா."

"நடக்கும்போது மட்டுந்தான் வலிக்குன்னு சொல்லு."

ஜூன் 12, வியாழன்

பிரிட்ஜ் மேல் ஒரு வலித்தைலப் புட்டி. அப்பா வாங்கி வந்திருக்கிறார். அம்மாவின் பதிலை நான் அவரிடம் இன்னும் சொல்லவே இல்லை!

ஆக, அவர் மனதில் இருந்ததைத்தான் நான் சொல்லியிருக்கிறேன். நாம் பேசுகிற சாதாரணப் பேச்சு ஒரு பாத்திரம் மாதிரி. அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் உண்மையான பேச்சு. சுரண்டத் தெரிந்தவர்களுக்கே கிடைக்கும். இதற்கு ஒரு நுட்பமான காது வேண்டும். நிறைய வாசித்தவர்களுக்கு அது தானாக வாய்க்கிறது போலும்.

ஜூன் 16, திங்கள்

என் காது தப்பாது என்று உறுதியாகிவிட்டது. அப்பா சன்னல் பக்கம் பார்த்து, "மழை வருமோ?" என்றார். இதற்கு பஜ்ஜி என்று பொருள். அம்மாவிடம் போய், "அப்பா பஜ்ஜி கேக்காங்க" என்றேன். அவள் ஏற்கெனவே வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்! "கண்ணு மங்கலா இருக்கு" என்று அம்மா ஊசியில் நூல் கோக்கும்போது முனகினாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அதற்கு முன்பே சட்டை மாட்டி, செருப்பைப் போட்டு, தயாராக நின்றிருந்தார்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஜெயசீலியிடம் போனில் இதைச் சொன்னேன்.

"ஊரார் மனசெல்லாம் வாசிக்கியே, டெல்லிக்காரனுக்குப் பதில் போட்டியா?"

"இவங்களை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது ஜெயா? நான் போனா ஒருத்தருக்கொருத்தர் தண்ணி வேணுமான்னு கேக்கக்கூட ஆள் கிடையாது."

"அப்பாட்ட சொல்லிட்டியா?"

"சரியான நேரம் வரல."

"பத்து நாளா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். மாடியில் எப்போதும் நாலு கோடு இருக்கும். அடுப்படிச் சன்னல் நேர் கீழே இருப்பதால் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசியிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

டிவியில் வானிலை. அப்பா பொதுவாக, யாரையும் பார்க்காமல், "டெல்லில நாப்பத்துமூணு டிகிரியாம். ஆனா படிக்கிற பிள்ளைகளுக்கு ஹாஸ்டல்ல கூலர் இருக்குமாம்" என்றார். கூலர் விஷயத்தை வானிலைக்காரர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. டிவி பார்த்துப் பார்த்து எதையாவது சேர்த்துச் சொல்கிறார்.

ஜூன் 21, சனி

வத்தல் காயப்போட்டுக்கொண்டே அம்மா, "இந்த வெக்கை ஊர்ல கம்பளி எங்க கிடைக்கும், மதுரைக்குத்தான் போவணும்" என்றாள். ஜூன் மாதத்தில் கம்பளி. இருவருக்கும் வயதாகிறது. விட்டுவிட்டுப் போவதாவது!

ஜூன் 24, செவ்வாய்

துணிந்து பெரிய செய்தியைக் கொடுத்துவிட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்குச் சாத்தூர்ல அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுன்னு அப்பா நினைக்காங்க."

"அப்படியா சொன்னாக?"

"வாய்விட்டுச் சொல்லல. நினைக்காங்க."

"நினைச்சது உனக்கு எப்படிட்டி தெரிஞ்சுச்சு?"

"பேச்சுலயே தெரியும்மா. கேக்கிற மாதிரிக் கேட்டா."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். களைந்த அரிசியோடு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துச் சிரித்தாள். ஒன்பது வருட வேதனை அப்படி வெளியே வருகிறது. உணர்ச்சி மிகும்போது மனிதர்கள் சிரிப்பதுண்டு. அவளைத் தனியே விட்டு வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

கல்லூரியின் பழைய செயலர் காலமானதால் மதியமே விடுமுறை. வெயிலில் நடந்து வந்தேன். கேட்டுக்கு வெளியே குடையை மடக்கும்போது உள்ளே பேச்சுச் சத்தம். விருந்தாளி என்று நினைத்தேன். ஆண் குரல் அப்பாவுடையது. விடாமல் பேசிக்கொண்டிருந்தது. பெண் குரல் அம்மாவுடையது. இடையிடையே "அட போங்க" என்றது.

அட போங்க!

மருதாணிச் செடிக்குப் பின்னால் நின்றேன். படித்த பெண், விரிவுரையாளர், செடிக்குப் பின்னால்.

அப்பா: "தைலம் வாங்கினதுல அவளுக்கு என்ன சந்தோசம், பார்த்தியா?"

அம்மா: "பஜ்ஜிக்கு அதைவிட. நான் சீவினதைப் பார்த்து அப்படியே பூரிச்சுப் போயிட்டா. எப்பவாச்சும் வாய்தவறிப் பேசிராதீக."

அப்பா: "அன்னைக்கு ஒருநாள் 'கோமு, உப்பு'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. இருமி முழுங்கினேன்."

அம்மா: "அதான் இருமுனீகளா? நான் சளின்னு கசாயம் வச்சேனே!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு வேறு என்னவோ பேசினார்கள். என்னைப் பற்றித்தான். ஒரு லாரி போனது. சரியாகக் கேட்கவில்லை.

தெருமுனை வரை திரும்பி நடந்து, மறுபடியும் வந்து, கேட் தாழ்ப்பாளை ஊருக்கே கேட்கும்படி ஆட்டினேன். உள்ளே போனபோது அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள்.

"என்னட்டி சீக்கிரம் வந்துட்டே? சரி, உங்க அப்பாட்ட கேளு, மோர் வேணுமான்னு."

அப்பாவிடம் கேட்டேன். "இருந்தா குடுக்கச் சொல்லும்மா" என்றார். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

ஜூன் 28, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 30, திங்கள்

சரி. தூது வேண்டும், அவ்வளவுதானே?

அப்பாவிடம்: "உங்க மீசை எலிவால் மாதிரி இருக்காம். அம்மா சொல்லச் சொன்னா."

பேப்பர் லேசாக நடுங்கியது. "அப்படியா?" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

மீசையை எடுத்துவிட்டார். மேலுதடு பச்சைக்குழந்தை மாதிரி இருக்கிறது. அம்மா தோசைக்கல்லைப் பார்த்தபடியே நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஜூலை 3, வியாழன்

நேற்று அம்மாவிடம்: "இனிமே ராத்திரிக்குக் கேப்பைக்கூழ்தான் வேணுமாம் அப்பாவுக்கு."

அப்பாவுக்குக் கூழ் என்றாலே ஆகாது. நேற்றும் இன்றும் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொள்கிறார். அம்மாவிடம் அப்பா கொடுத்த அடுத்த செய்தி (என் தயாரிப்பு): "நீ கோலம் போடுறது கோழி நடந்த மாதிரி இருக்காம்." இன்று காலை வாசலில் கோலமே இல்லை. தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும்.

இவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் விட மாட்டேன். இந்த வீட்டில் யாரிடமிருந்து யாருக்கு இந்தக் குணம் வந்தது என்று ஆராய்ந்தால் இன்னொரு முனைவர் பட்டம் கிடைக்கும்.

ஜூலை 5, சனி

முடிந்தது. ராத்திரிச் சாப்பாட்டில்.

அப்பா கூழுக்கு முன்னால். அம்மா அப்பளத்தட்டோடு நடுவில். நான் சொன்னேன்: "அம்மா, குற்றாலத்துக் கதைல அப்பா சொன்னதுதான் சரியாம். உனக்கு அன்னைக்கே ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்."

அம்மா தட்டை வைத்தாள். திரும்பினாள்.

"ஏங்க, நீங்களா சொன்னீக?"

"ஐயோ, நான் எங்க சொன்னேன்! குடுக்கிற கூழைக் குடிச்சுக்கிட்டுச் சும்மாதான இருக்கேன்!"

பிறகுதான் இருவருக்கும் தாங்கள் என்ன செய்தோம் என்று புரிந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

அப்பா கூழ்க்கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அந்த நெருக்கடியிலும் அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. "உனக்கு டெல்லி கிடைச்ச மூணாம் நாளு" என்றார்.

"நீ சொல்லுவே சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றாள் அம்மா. "ஒன்பது வருசமா உப்பு, புளி, மோட்டார் எல்லாத்தையும் சொல்லுதவ, உன் விசயத்தை மட்டும் சொல்ல மாட்டேங்கியேன்னு இருந்துச்சு. பொறுக்க முடியல. அடுப்படில இருந்து நேரா வந்து, 'பிள்ளைக்கு டெல்லில இடம் கிடைச்சிருக்காம், உங்கட்ட சொன்னாளா?'ன்னு கேட்டுட்டேன்."

"நான் பேப்பரையே கீழ போட்டுட்டேன்" என்றார் அப்பா. "டெல்லிக்காக இல்ல. இவ குரலுக்கு."

"அப்புறம் என் முன்னால எதுக்கு இந்த நாடகம்? உங்க ரெண்டு பேருக்காக நான் போகாம இருக்கேன், தெரியுமா? என் படிப்பைத் தூக்கிப் போட்டுட்டு..."

"அதுக்குத்தான்" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"மொதல்ல நீயா அப்பாட்ட வந்து சொல்லுவேன்னுதான் காட்டிக்கல. அப்புறம் மாடில நின்னு ஜெயாட்ட சொன்னியே. எங்களை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு. கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நாங்க பேசிக்கிட்டோம்னு உனக்குத் தெரிஞ்சா, நீ எதைச் சொல்லிப் போகாம இருப்பே? பிள்ளை பயந்துபோய் நிக்கா, கைல இருக்கிற ஒரு காரணத்தையும் பிடுங்குவானேன்னு சும்மா இருந்தோம். தானா கீழ வைக்கிற அன்னைக்கு வைக்கட்டும்னு."

"எனக்கு ஒண்ணும் பயம் இல்ல!"

அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

"சரி" என்றார்கள் இருவரும். ஒரே சமயத்தில். ஒரே மாதிரி.

"அப்ப தைலம்?" என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அப்பா தரையைப் பார்த்தார். "நான் காலைப் பத்திக் கேட்டதா நீ சொன்னியாமே. இவ வந்து சொன்னா. கேக்கணும்னு நினைச்சேந்தான். நினைச்சதுதான் நெசம், கேக்கல."

அம்மா அவருக்கு ஒரு அப்பளம் வைத்தாள். நான் எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

இருவரிடமும் பேசுவதில்லை. ஏமாற்றப்பட்டவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

அவர்களுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. ஒன்பது வருட பாக்கியைப் பேசித் தீர்க்கிறார்கள். செத்துப்போன மாமாக்கள், நின்றுபோன பேருந்துகள், எப்போதோ உடைந்த ஒரு ஊறுகாய் ஜாடி. இன்று குற்றாலக் கதை வந்தது. அம்மா ஆரம்பித்தாள். அப்பா, "அது அப்படி இல்ல..." என்று வாயெடுத்து, நிறுத்தி, "இல்ல, நீயே சொல்லு" என்றார். அம்மா முழுக்கச் சொன்னாள். தப்பும் தவறுமாக. நான் நின்றது பஜ்ஜிக் கடை வாசலில், கோயில் வாசலில் அல்ல. பேசுவதில்லை என்று இருப்பதால் திருத்த முடியவில்லை.

ஜெயசீலி: "அப்ப இனி உனக்கு வேலை இல்ல. கூரியர் ஆபீஸை மூடிட்டாங்க. இப்ப என்ன காரணம் சொல்லப்போறே?"

"டெல்லில வெயில்" என்றேன்.

"குளிர்னு சொன்னியே போன வாரம்?"

இவளோடும் பேசாமல் இருக்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

அப்பா, அம்மாவிடம், என் முன்னால்: "அவட்ட கேளு, சாப்பிட்டாளான்னு."

அம்மா, என்னிடம்: "சாப்பிட்டியான்னு கேக்காக."

நான் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.

அம்மா, அப்பாவிடம்: "பசி இல்லையாம். தயிர்சோறு மட்டும் போதுமாம். ஊறுகாயும் வேணுமாம்."

இது அக்கிரமம். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாத வார்த்தையை ஒருவர் வாயில் வைப்பது எவ்வளவு பெரிய அத்துமீறல்! ஊறுகாய் உட்பட எல்லாம் சரியாக இருந்தது என்பது வேறு விஷயம்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி இறக்கி, போனில் ரயில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே பேப்பர் படித்தேன். ஒரே விளம்பரத்தை.

"பதினெட்டாம் தேதி வண்டில ரெண்டே ரெண்டு இடம் இருக்கு" என்றார், அம்மாவிடம். "எடுக்கவா, வேண்டாமான்னு கேளு. எடுக்க வேண்டாம்னாலும் சரிதான். அதையும் கேளு."

அம்மா கை ஈரத்தோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். வாய் திறந்தால் என்ன குரல் வருமோ என்று இருந்தது. காலையில் குடித்த காபி சரியில்லை. விளம்பரத்தில் ஒரு மெத்தைக்கு ஐந்து வருட உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள்.

 

அம்மா அப்பாவிடம் திரும்பினாள்.

"எடுக்கச் சொல்லுதா" என்றாள். "உள்ளுக்குள்ள கொஞ்சம் உதறலாத்தான் இருக்காம். இருந்தாலும் எடுக்கச் சொல்லுதா."

நான் அப்படிச் சொல்லவில்லை. பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டே மறுத்திருக்கலாம். ஒரு சொல் போதும். தூதரின் செய்தியை மறுக்க அனுப்புநருக்கு முழு உரிமை உண்டு; நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனைக் குத்த ஆரம்பித்தார். "பேரு போட்டாச்சு... வயசு போட்டாச்சு... மேல் படுக்கையா, கீழ் படுக்கையான்னு கேளு கோமு."

அம்மா வாயைத் திறந்தாள். இதையும் அவளே சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது. சரியாகவும் சொல்லிவிடுவாள்.

"கீழ்" என்றேன், அப்பாவைப் பார்த்து.

பயந்துகொண்டு கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால்தான்.